ரயில் முத்திரைக்குக் கீழே

"தங்கச்சி வரேக்கை ஆல்பத்தை அவளிட்டையே குடுத்து விடுவம்" என்று என் கணவர் சொன்னபோது நான் அவருடைய தேநீருக்குச் சீனி கலக்கிக்கொண்டிருந்தேன். "ஓம்" என்றேன். சீனி கரைந்த பிறகும் கரண்டியைச் சுற்றிக்கொண்டே நின்றேன். அந்த ஆல்பத்தை யாருக்கும் கொடுக்க எனக்கு மனமில்லை. அவருடைய தங்கைக்கு என்றால் அறவே இல்லை.

அது கணவர் ரயில் படம் போட்ட தபால் முத்திரைகளை மட்டுமே சேர்த்து ஒட்டிய ஆல்பம். பறவை, பூ, அரசியின் தலை என்று வேறு எது வந்தாலும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவார். பனிமலைப் பாலத்தில் வளையும் சுவிஸ் நாட்டுச் சிவப்பு ரயிலும், ஹங்கேரியின் கறுத்த நீராவி இயந்திரமும், மூக்கு நீண்ட ஜப்பானிய ரயிலும், மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் டார்ஜிலிங்கின் குட்டி ரயிலும் அதில் இருந்தன. முதற் பக்கத்தில் இலங்கை ரயிலின் நூற்றாண்டுக்கு வெளிவந்த முத்திரை. நடுவே ஒரு பக்கத்துக்கு அவர் 'கோச்சி ஓடாத நாடுகள்' என்று தலைப்பு இட்டிருந்தார். கோச்சி என்றால் எங்கள் பேச்சில் ரயில். வளைகுடாவின் சின்னஞ்சிறு அரசுகளும், பசிபிக்கின் சில தீவுகளும் தங்கள் மண்ணில் ஒரு முழத் தண்டவாளங்கூட இல்லாமல் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்காக ரயில் முத்திரைகளை அச்சடித்து விற்றிருக்கின்றன. அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சிரிப்பார். போரில் எங்கள் தண்டவாளங்கள் பிடுங்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிக் கிடந்த காலத்தில் அவர் சிரிக்காமல் பார்த்த பக்கமும் அதுதான்.

அவரும் தங்கையும் காங்கேசன்துறை ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர்கள். தகப்பனார் ரயிலில் கார்ட் வேலை பார்த்தவர். கோச்சியின் ஊதலைக் கேட்டே எந்த இயந்திரம், எந்தச் சாரதி என்று சொல்லக்கூடிய பிள்ளைகளாக இருந்தார்களாம். நான் வட்டுக்கோட்டைக்காரி. வயலும் தோட்டமும் பெரிய பள்ளிக்கூடமும் உள்ள ஊர். ரயில் மட்டும் இல்லை. கலியாணம் முடித்து வந்த முதற் கிழமையே மச்சாள், அதாவது கணவரின் தங்கை, என்னைப் பார்த்துக் கேட்டார்: "மச்சாள், நீங்கள் கோச்சியைப் படத்திலை பாத்திருப்பியள் என்ன?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் வாயில் மாத்திரம் நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு மச்சாள் சுவிசுக்குப் போனார். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. மாதத்துக்கு ஒரு கடிதமாவது வரும். கடித உறையில் எப்போதும் ஒரு ரயில் ஒட்டியிருக்கும். உள்ளே, கூட வேலை செய்யும் பெண்கள் கொடுத்த மற்ற நாட்டு முத்திரைகள் மெழுகுத்தாளில் மடித்திருக்கும். என் கணவர் உறையைக் கையில் வாங்கியதும் கடிதத்தைப் பிரிக்கமாட்டார். முதலில் முத்திரையைப் பார்ப்பார். "எடியே" என்பார், அவள் முன்னால் நிற்பதுபோல. அந்த 'எடியே'யை நான் கேட்ட அளவுக்கு வேறெதையும் என் மணவாழ்வில் பொறாமையோடு கேட்டதில்லை. எனக்கு அவர் 'இஞ்சரும்' என்பார். மரியாதையான சொல். மரியாதை சிலவேளை மனிதரைத் தூரத்தில் நிறுத்திவிடுகிறது.

ஆனால் முத்திரையைக் கழற்றும் வேலை என்னுடையது. அவருக்குக் கை நடுங்கும். அவசரமும் உண்டு. நான் ஒரு பாடசாலை நூலகத்தில் முப்பது வருடம் கிழிந்த பக்கங்களை ஒட்டியவள், எனக்கு அவசரம் இல்லை. உறையின் மூலையைச் சுற்றிலும் ஓரம் விட்டு வெட்டவேண்டும். எனாமல் கோப்பையில் இளஞ்சூட்டு நீர் எடுத்து, படம் மேலே தெரியும்படி மிதக்கவிடவேண்டும். பசை இளகியதும் முத்திரை தானாகவே தாளைவிட்டு விலகும். சாமணத்தால் தூக்கிப் பத்திரிகைத் தாளில் உலர்த்தி, அகராதிக்குள் மூன்று நாள் அழுத்தி வைத்தால் ஆல்பத்துக்குத் தயார். அந்த ஆல்பத்தில் என் விரல் படாத ரயில் ஒன்றுகூட இல்லை.

அதை உயிரோடு வைத்திருந்தவளும் நான்தான். போரில் ஊரே இடம்பெயர்ந்த அன்று என் சைக்கிள் கரியரில் ஒரு பைக்குத்தான் இடமிருந்தது. கூறைச்சேலையை அலுமாரியில் விட்டுவிட்டு ஆல்பத்தைப் பொலித்தீனில் சுற்றி எடுத்தேன். கணவர் அரிசிச் சாக்கைச் சைக்கிளில் தள்ளிக்கொண்டு முன்னே போனார். தென்மராட்சியில் மூன்றாம் நாள் பையை அவிழ்த்தபோதுதான் அதைக் கண்டார். மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தபால் போகத் தொடங்கியதும் தங்கைக்குக் கடிதம் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். அதில் ஒரு வரி: 'ஆல்பம் தப்பிவிட்டது.' ஆல்பம் தானாக நடந்து செம்மணி வெளியைக் கடந்ததுபோல. அந்த வரி என்னிடம் இன்னும் இருக்கிறது.

போர் முடிந்து ரயில் திரும்பி வந்த காலத்தை ஒட்டித்தான் நீல மையை முதலில் கண்டேன்.

ஒருநாள் கோப்பையில் மிதந்த முத்திரை ஒரு பக்கத்தால் மெல்ல விலகியது. அதன் கீழிருந்து நீலமாகப் புகைபோல் ஏதோ எழுந்து நீரில் பரவியது. குனிந்து பார்த்தேன். முத்திரை மறைத்திருந்த இடத்தில், உறைத்தாளில், பேனா மையால் நுணுக்கமாக ஏதோ எழுதியிருந்தது. மச்சாளின் கையெழுத்து. முதற் சொல் மட்டும் ஒரு கணம் தெளிவாக நின்றது: 'மச்சாள்'. மற்றவை கரைந்துகொண்டிருந்தன.

முத்திரைக்குக் கீழே எழுதும் வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. என் கணவர் பள்ளிக்காலத்தில் விடுதியில் இருந்தபோது, வீட்டிலிருந்து போகும் கடிதங்களைத் தாயார் வாசித்துப் பார்த்த பிறகே ஒட்டுவாராம். ஆகவே தங்கை சொல்லவேண்டிய இரகசியத்தை உறையில் எழுதி, அதன்மேல் முத்திரையை ஒட்டி அனுப்புவாராம். யார் வீட்டு மாங்காய், எந்த வாத்தியாரிடம் அடி என்பவை போன்ற இரகசியங்கள். இதை அவர் எனக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

எனவே எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அண்ணனும் தங்கையும் பழைய விளையாட்டைத் தொடங்கியிருக்கிறார்கள். விஷயம் நான். 'மச்சாள் இப்பவும் முகத்தைத் தூக்கிக்கொண்டோ இருக்கிறா?' 'மச்சாளுக்குச் சொல்லாதேங்கோ.' இப்படி ஏதோ. எங்கள் பேச்சில் 'மச்சாள்' என்ற சொல்லுக்கு ஒரு குணம் உண்டு. அவரும் எனக்கு மச்சாள், நானும் அவருக்கு மச்சாள். முன்னால் நிற்பவரைக் கூப்பிட்டாலும் மச்சாள், இல்லாதவரைப் பற்றிக் குறை சொன்னாலும் மச்சாள். கூப்பிடும்போது குரல் கொஞ்சம் நீளும். தாளில் குரல் இல்லை.

நான் கரைந்த வரியை வாசிக்க முயலவில்லை. முயன்றிருந்தால் பாதியாவது வாசித்திருக்கலாம். பிறருக்கு வந்ததை வாசிப்பவள் நானல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டே அந்தத் தாளை ஒரு விரலால் நீருக்குள் அழுத்தினேன். நீர் முழுவதும் மெல்லிய நீலமாயிற்று. அதைக் கொண்டுபோய்க் கிணற்றடி வாழைக்கு ஊற்றினேன்.

அதன்பின் அநேகமாக ஒவ்வொரு உறையிலும் நீலம் வந்தது. ஒவ்வொரு முறையும் நான் அதே காரியத்தைச் செய்தேன். பொறாமையைச் செய்து முடிக்க இவ்வளவு சுத்தமான வழி வேறு யாருக்கும் கிடைத்திராது. கத்தவேண்டியதில்லை, கிழிக்கவேண்டியதில்லை. முத்திரைக்கும் ஒரு பழுதும் இல்லை. கணவர் கேட்டபோதெல்லாம் சுத்தமாகக் கழன்ற ரயிலை அவர் கையில் வைத்தேன். "உம்மைப்போல ஒருதரும் கழட்டேலாது" என்பார். அதையும் பெற்றுக்கொண்டேன்.

இப்படிப் பத்து வருடத்துக்கு மேல்.

ஆல்பத்தைக் கொடுத்துவிடுவதென்று அவர் சொன்ன தேநீர்க்காலைக்குப் பிறகு, மச்சாளிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. ஆல்பம் தருவதாக அண்ணன் தொலைபேசியில் சொல்லியிருந்ததற்கு ஒன்றும் எழுதாமல், வருகிற திகதியை மட்டும் எழுதியிருந்தார். உறையில் சுரங்கத்திலிருந்து வெளிப்படும் ஒரு மஞ்சள் ரயில். கணவர் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் ஆட்களோடு நின்றதால் முத்திரையைக் கேட்கவில்லை. எனக்கும் ஊறவைக்க மனம் வரவில்லை. இன்னொரு வீட்டுக்குப் போகப்போகும் ஆல்பத்துக்கு நான் ஏன் வேலை செய்யவேண்டும்? மூலையை வெட்டி அகராதிக்குள் வைத்து மூடினேன்.

மச்சாள் வந்தார். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார், மெலிந்திருந்தார். நாலு வருடங்களுக்கு முன் அவருடைய கணவர் வேறொரு வாழ்க்கையைத் தேடிக்கொண்டு போய்விட்டார். அந்தச் செய்தி எங்களுக்கு ஒரு வருடம் கழித்து, அதுவும் வேறொருவர் வாயால்தான் வந்தது. "ஏன் ஒருதருக்கும் சொல்லாமல் விட்டனி?" என்று அண்ணன் தொலைபேசியில் கோபித்தபோது மறுபக்கத்தில் சத்தமே இல்லாமல் இருந்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அழுத்தக்காரி என்று அப்போது நினைத்தேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் அண்ணனும் தங்கையும் விறாந்தையில் ஆல்பத்தை விரித்துக்கொண்டு இருந்தார்கள். நான் உள்ளே பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தேன். யன்னல் திறந்திருந்தது.

"இந்த எஞ்சினைப் பார் அண்ணை. எங்கடை அப்பாவின்ரை கோச்சி மாதிரி."

"உனக்குக் கண் தெரியேல்லையடி. அதுக்குப் புகைபோக்கி கட்டை. உது சீமையிலை ஓடினது."

"ஓம், இவருக்குத்தான் எல்லாம் தெரியும். விசில் ஊதினா ஓடிப்போய்க் கட்டிலுக்குக் கீழை ஒளிச்சவர்."

"ஆர்? நானோ? நீயெல்லோ!"

இருவரும் சிரித்தார்கள். பிறகு கணவர் சொன்னார்: "இதை நீ கொண்டு போ. எங்களுக்குப் பிறகு உதை ஆர் பாக்கிறது?"

மச்சாள் கேட்டார்: "மச்சாளைக் கேட்டனீங்களோ?"

"அவவுக்கென்ன, கோச்சி போகாத ஊரார்."

"பகிடியை விடுங்கோ அண்ணை. கேட்டனீங்களோ?"

"கேட்டனான். ஓம் எண்டவ."

உண்மைதான், நான் ஓம் என்றுதான் சொல்லியிருந்தேன்.

சற்றுநேரத்தில் மச்சாள் குசினிக்குள் வந்து, எனக்கெதிரே தேங்காய் துருவும் பலகையில் குந்திக்கொண்டு ஒரு பலாக்கொட்டையை எடுத்து உரிக்கத் தொடங்கினார். அவருடைய நகங்கள் என் நகங்களைப்போலவே வேலை செய்து தேய்ந்தவை. அதை அன்றுதான் கண்டேன்.

"மச்சாள், ஒண்டு கேட்டால் கோவியாதேங்கோ."

"கேளுங்கோ."

"நான் எழுதினதிலை ஒண்டுக்காவது நீங்கள் மறுமொழி போட்டிருக்கலாம்."

"எதிலை எழுதினது?"

"முத்திரைக்குக் கீழை எழுதினதுகள்."

என் கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது. "அது அண்ணைக்கெல்லோ எழுதினது?" என்றேன்.

"அண்ணைக்கு ஏன் எழுதிறன்? அவருக்குத்தான் கடிதம் எழுதிறனே. முத்திரை கழட்டிறது மச்சாள்தான் எண்டு அவர் ஒருக்கா எழுதினவர். அதுக்குப் பிறகுதான் தொடங்கினனான். கடிதத்தை அவர் ஊருக்கே கேக்கச் சத்தம் போட்டு வாசிப்பார். ரெலிபோனிலையும் அவரின்ரை குரல்தான். உங்களோடை தனியக் கதைக்க எனக்கு வேறை எங்கை இடம்?"

வெளியே கணவர் தனியாக ஒரு பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. சொல்லாமல் விடலாம் என்றும் தோன்றியது. மை தானாகக் கரைந்துவிட்டது என்றால் நம்புவார். ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்டையும் வாசிக்கேல்லை மச்சாள். என்னைப் பற்றி அவருக்குச் சொல்லுறியள் எண்டு நினைச்சன். தண்ணிக்குள்ளை அமத்திக் கரைச்சுப் போட்டன்."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்."

முதலில் சிரிக்கத்தான் தொடங்கினார். "ஐயோ மச்சாள், நீங்கள் படிச்ச மனுசி" என்றார். பிறகு அந்தச் சிரிப்பு எங்கோ தடக்கியது. பலாக்கொட்டையைக் கீழே வைத்தார்.

"இவர் என்னை விட்டிட்டுப் போன கிழமை உங்களுக்குத்தான் எழுதினனான். வேறை ஒருதருக்கும் சொல்லேல்லை. நீங்கள் ஏதும் எழுதுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

அந்த உறை எனக்கு நினைவிருந்தது. இருபுறமும் பனிக்குவியல், நடுவில் ஒரு ரயில். மற்ற நாட்களைவிட அன்று நீலம் அதிகமாக வந்தது. இரண்டு முறை நீர் மாற்றினேன்.

"என்ன எழுதினனீங்கள்?" என்று கேட்டேன்.

"இனி என்னத்துக்கு? அப்பப்ப வந்ததை எழுதினது. எனக்கே மறந்துபோச்சு." சேலைத் தலைப்பில்லாததால் கையின் பின்புறத்தால் மூக்கைத் துடைத்தார். "உங்களிலை எனக்கு எப்பவும் எரிச்சல் மச்சாள். தெரியுமோ?"

"என்னிலையோ?"

"வேறை ஆரிலை? அண்ணையோடை இருக்கிறியள். கோச்சிச் சத்தம் கேக்கிற வீட்டிலை இருக்கிறியள். நான் அங்கை நிண்டு முத்திரைதானே அனுப்பலாம்."

எரிச்சல் என்ற அந்தச் சொல்லை நான் என் சொத்தாக வைத்திருந்தேன். அவர் வாயில் அதைக் கேட்டதும், இன்னொருத்தி என் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பதைப்போல இருந்தது. எனக்கும் அதுதான் என்று சொல்லியிருக்கவேண்டும். "தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டேன்.

அதன்பின் அன்றிரவு அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. கோபமென்றும் சொல்லமுடியாது. கேட்டதற்குப் பதில் சொன்னார், தானாக எதையும் சொல்லவில்லை. பத்து வருடம் என்னிடம் அவர் அனுபவித்த மௌனம் அப்படித்தான் இருந்திருக்கும்.

மறுநாள் ஆல்பத்தை நானே பொலித்தீனில் சுற்றி, மேலே ஒரு துவாயைச் சுற்றி அவருடைய பெட்டியில் வைத்தேன். கணவருக்கு ஆச்சரியம். "உமக்கு மனமில்லை எண்டு நினைச்சன்" என்றார். என் மனம் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது என்பதை அப்போது அறிந்தேன். மச்சாள் பெட்டியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் பெட்டியைப் பூட்டினார். அகராதிக்குள் ஒரு முத்திரை இன்னும் ஊறாமல் இருப்பதை நானும் அவருக்குச் சொல்லவில்லை. ஆல்பத்தைக் கொடுத்தவள் அதை ஒளித்துக்கொண்டேன்.

கொழும்புக்குப் போகும் நாளன்று, வீட்டுக்குக் கிட்ட உள்ள சுன்னாகத்தில் ஏறுவதே வசதி என்று சொல்லியும் மச்சாள் கேட்கவில்லை. "முதல் ஸ்ரேசனிலை இருந்துதான் ஏறோணும்" என்றார். அண்ணனும் தங்கையும் ஓட்டோ பிடித்துக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். கணவரும் கூடவே ஏறி, சுன்னாகத்தில் இறங்கிப் பேருந்தில் வருவதாக ஏற்பாடு. என்னையும் கூப்பிட்டார்கள். எனக்குக் காலில் நோவு என்றேன். காலில் நோவு இருந்தது உண்மைதான்.

நான் எங்கள் ஒழுங்கை முடிவில் உள்ள ரயில் கடவைக்கு நடந்துபோய் நின்றேன். மணி அடித்தது, கடவை மூடியது. கோச்சி வந்தது. மூன்றாம் பெட்டியில் ஒரே யன்னலில் இரண்டு தலைகள். நரைத்த தலையும் கட்டையாக வெட்டிய தலையும். இருவரும் ஒரே நேரத்தில் கையசைத்தார்கள். ஒரு முத்திரையில் அச்சடித்தாற்போல அந்த யன்னலுக்குள் அவர்கள் சரியாகப் பொருந்தியிருந்தார்கள். நான் கையை உயர்த்தியபோது கடைசிப் பெட்டியும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அடுப்பில் புட்டுப்பானையை வைத்தேன். மாவுக்காக அல்ல. நீர் கொதித்ததும் அகராதியிலிருந்து அந்த மூலைத்தாளை எடுத்து, ஆவிக்கு மேலே சாமணத்தால் பிடித்தேன். ஆவியில் பசை இளகும், மை ஓடாது. இது எனக்கு எப்போதும் தெரிந்திருந்த முறை. சுரங்கத்திலிருந்து வெளிப்படும் மஞ்சள் ரயில் ஓரத்திலிருந்து மெல்லச் சுருண்டது. கீழே நீலம் அப்படியே இருந்தது. அவ்வளவு சின்ன இடத்தில் எழுதவேண்டும் என்பதால் எழுத்துக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன:

'மச்சாள், ஆல்பத்தைத் தராதேங்கோ. தந்தால் கொண்டுபோயிடுவன்.'

இரண்டு முறை வாசித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் வாசித்தேன். பிறகு அடுப்பை நிறுத்தினேன்.

கணவர் பேருந்தில் வந்து இறங்கியபோது பத்து வயது குறைந்தவர்போல இருந்தார். தங்கை பெட்டியைத் திறந்து ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள் என்றார். மாவிட்டபுரம் வந்தபோது இருவரும் எழுந்து வாசலில் நின்றார்களாம். சாரதி ஊதியபோது அவளுக்குக் கண் கலங்கியதாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். பொறாமை அப்படியே இருந்தது. ஆனால் அதை வைத்துக்கொள்ள முன்பிருந்த இடம் இப்போது இல்லை.

அடுத்த கிழமை தபாற்கந்தோருக்குப் போய், கோச்சி படம் போட்ட முத்திரை இருக்கிறதா என்று கேட்டேன். கருமபீடத்தில் இருந்த பெண் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "கோச்சி இல்லை அம்மா. குருவி இருக்கு, பரவாயில்லையோ?" குருவியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மச்சாளுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். மழை, கால் நோவு, அவருடைய அண்ணனின் இருமல். உறையின் வலது மூலையில், முத்திரை வரவேண்டிய இடத்தை அளந்து, அதற்குள் எழுதினேன்: 'மச்சாள், எனக்கும் உங்களிலை எரிச்சல்தான். மறுமொழி போடுங்கோ.' அதன்மேல் குருவியை ஒட்டினேன்.

அவர் அதை ஆவியில் பிடிப்பாரோ, தண்ணீரில் போடுவாரோ எனக்குத் தெரியாது. நான் குமிழ்முனைப் பேனாவால் எழுதினேன். அது கரையாது.